நாலு படி கீழே

யூன் 3, செவ்வாய்

மிரேலாவின் ஐந்தாவது அல்பம் வெளியாகிவிட்டது. உலகத்தில் வேறு எதுவுமே நடக்காததுபோல எங்கள் வட்ஸ்அப் குழு கொதிக்கிறது. குழு என்றதும் பெரிய படை என்று நினைக்கக்கூடாது. ஆறு பேர். ஒருவர் ரொறன்ரோவில் இருந்து காலை வணக்கப் பூப்படம் மட்டும் அனுப்புகிறவர். இன்னொருவர் இதுவரை வாய் திறந்ததில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று ஒருமுறை விசாரித்தோம், கட்டைவிரலைக் காட்டினார்.

மிரேலா டொரென் யார் என்று இந்த நாட்குறிப்புக் கொப்பிக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிப் பார்ப்பதில் ஒரு சுகம். ஒப்பரா முறையாகப் படித்தவள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு, வயலின் பட்டாளம் ஒன்றோடு, யாரும் முணுமுணுக்கக்கூடிய பாட்டுகளாகப் பாடுகிறவள். முதல் அல்பம் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. உட்துறைமுக வீதியில் எங்கள் கப்பல் முகவர் கந்தோருக்கு வந்த மாலுமி ஒருவன் அந்த சீடியை என் மேசையில் மறந்துவிட்டுப் போனான். திருப்பிக் கேட்டு வந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். இப்போது அவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு ஐம்பத்து மூன்று. என் வயதைப் பற்றி இங்கே கதை இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நானும் அடுத்த மேசை பஸ்மியாவும் ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டோம். மூன்றாவது பாட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். குரல் தடித்துவிட்டது. உச்சம் இல்லை. முடிந்துபோனாள்.

"எனக்கு இது நல்லாத்தான் இரிக்கு ஜெனிதாக்கா" என்றாள் பஸ்மியா.

பாவம், மிரேலாவைக் கேட்கத் தொடங்கி இரண்டு வருடம்தானே. பழக்கி எடுக்க வேண்டும்.

யூன் 4, புதன்

ஐந்தாவதை இன்னொரு தடவை கேட்டேன். குறை கண்டுபிடிப்பதற்காக மட்டும்.

யூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, நிக்கலஸுக்கு முதல் அல்பத்தைப் போட்டுக் காட்டினேன். கலியாணம் கட்டிய நாளில் இருந்து இவருக்கு இசையறிவு ஊட்டுவதை ஒரு ஊழியமாகவே செய்து வருகிறேன். முப்பது வருடமாகப் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுத் திருத்துகிற மனிசன். மிரேலா அந்தப் பெரிய உச்சத்துக்கு ஏறி, கண்ணீர் வரவைக்கும் இடத்தில் நிற்கிறாள். இவர் நிமிர்ந்து, "என்ன, பாட்டு முடிஞ்சுதோ?" என்கிறார்.

எழும்பிப் போய் மீன் கழுவினேன். இந்த மனிசனோடு நான் எப்படிக் காலம் தள்ளினேன்?

யூன் 14, சனி

மாதா திருநாளுக்கான பாட்டுப் பயிற்சி எங்கள் கோயில் பாடகர் குழுவில் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் பதினைந்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் எங்கள் கொயருக்கு இரண்டு மாதத்தில் ஒரு மாதம் தேநீருக்கே போய்விடும்.

திருநாள் பாட்டின் கடைசிச் சரணம் வழமைபோல எனக்கு. இருபத்திரண்டு வருடமாக அது என்னுடையது. எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், நான் தனியே தொடங்கி, 'வானமே' என்ற சொல்லில் மேலே ஏறி நிற்பேன். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வருடம் முழுவதும் குளிர்த்தண்ணீர் குடிக்காமல் இருக்கிறேன். கந்தோரில் நான் கப்பலாட்களின் பெயர் அடிக்கிறவள். வீட்டில் மீன் கழுவுகிறவள். அந்த நிமிடத்தில் மட்டும் ஊர் முழுவதும் தலை தூக்கிப் பார்க்கிற ஆள். எனக்கு அது வேணும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேணும்.

மூன்றாவது வரிசை வாங்கில் இருக்கும் நிக்கலஸைப் பார்த்துத்தான் அந்தச் சரணத்தைப் பாடுவேன். அவர் ஆடாமல் அசையாமல் என் வாயையே பார்த்தபடி இருப்பார். பக்தி.

மெல்ரோய் கீபோர்ட்டில் இருந்தபடி, "வழமை மாதிரித்தானே அக்கா?" என்று கேட்டான். வார இறுதியில் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் சுற்றுலாக்காரருக்கு வாசிக்கிற பையன், நல்ல விரல்.

"வழமை மாதிரித்தான். மிரேலா மாதிரி இறங்குற ஆள் இல்லை நான்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மிரேலா யார் என்று அவர்களுக்குத் தெரியாது அல்லவா.

யூன் 19, வியாழன்

இன்று குழுவில் யுத்தம். எங்கள் குழு நிர்வாகி சுகிர்தன் வங்கியில் வேலை செய்கிறவன், எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டான். முதல் அல்பத்தில் இருந்த அந்தப் புகழ்பெற்ற பாட்டை மிரேலா ஐந்தாவதில் திரும்பப் பாடியிருக்கிறாள் அல்லவா? இரண்டையும் கீபோர்ட்டில் ஒப்பிட்டுப் பார்த்தானாம். புதியதில் மூன்று படி இறக்கியிருக்கிறாளாம். கறுப்புக் கட்டையையும் சேர்த்து எண்ணினால் மூன்று கட்டை கீழே.

விடுவேனா? பஸ்ஸில் அன்புவழிபுரம் வந்து சேரும்வரை தட்டித் தட்டி ஒரு பிரசங்கமே எழுதி அனுப்பினேன். அதன் சாரம்: "குரல் போன பிறகு ஸ்கேலைக் குறைத்துக்கொண்டு மேடையில் நிற்பது கேட்கிறவர்களை ஏமாற்றுவது. மரியாதை தெரிந்தவர்கள் தாங்களாகவே இறங்கிவிடுவார்கள்."

சுகிர்தன் அதைக் குழுவின் உச்சியில் குத்தி வைத்து, 'எங்கள் கொள்கை' என்று கீழே எழுதினான். இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டு வெயிலில் நடந்து வந்தேன். கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. எனக்குப் புகழ் குளிர்ச்சி.

யூன் 21, சனி

பெரிய கண்டுபிடிப்பு!

இன்று பயிற்சியில் என் சரணத்தை முடித்ததும் தேநீர் இடைவேளை. மெல்ரோய் போன் கதைக்க வெளியே போனான். கீபோர்ட் எரிந்தபடி இருந்தது. சுகிர்தன் சொன்னது சரிதானா என்று நானே பார்க்கலாமே? ஒரு காதில் முதல் அல்பத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டு தொடங்குவதாக அவன் சொன்ன கட்டையை அழுத்தினேன். பொருந்தவே இல்லை. மேலே மேலே தேடிப் போய், நாலு கட்டை தள்ளி அழுத்திய பிறகுதான் மிரேலாவின் சத்தம் பிடிபட்டது.

அப்படியென்றால்? பத்தொன்பது வயதில் அவள் சுகிர்தன் சொன்னதைவிட நாலு படி மேலே நின்று பாடியிருக்கிறாள். அங்கிருந்து இப்போது விழுந்தது மூன்று படி அல்ல. ஏழு!

தேநீரை ஆறவிட்டு அதை அங்கேயே நின்று குழுவுக்கு அனுப்பினேன். "ஏழு படி! கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள்!"

யூன் 22, ஞாயிறு

சுகிர்தனின் பதில்: "அக்கா, ஏலாது. நான் மூன்று கீபோர்ட்டில பாத்தனான். உங்கட கீபோர்ட்தான் பிழை."

வங்கிக்காரத் திமிர். ஆனாலும் யோசிக்கிறேன். மெல்ரோயின் பெட்டி பழையதுதானே.

யூன் 25, புதன்

பயிற்சியில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

"மெல்ரோய், உம்மட பெட்டி பழுது. நாலு படி பிழையாச் சத்தம் போடுது."

அவன் கழுத்து வரைக்கும் சிவந்துபோனான். "ஓம் அக்கா... பழுதுதான்... சரிப்பண்ணுறன்" என்று ஏதேதோ பட்டனை அழுத்தினான். கொயரில் இளையவள் டிலக்ஷி கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது. பேனா தேட எதற்கு அழுகை?

யூன் 29, ஞாயிறு

பழுதான கீபோர்ட்டோடு திருநாளா? பொறுப்புள்ள ஆள் யாராவது பேச வேண்டாமா? பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய் முறையிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்டு செய்வம். ஸ்ரோர் அறையில ஒரு பழைய ஹார்மோனியம் இருக்கு. திருநாளுக்கு அதை வைச்சுப் பாடுங்கோ, கீபோர்ட்டைத் திருத்தக் குடுப்பம்" என்றார்.

நானே முன்னின்று ஹார்மோனியத்தின் தூசியைத் தட்டினேன். நல்ல உறுதியான பெட்டி. பொய் சொல்லாத பெட்டி.

யூலை 2, புதன்

எழுத ஏலாமல் இருக்கு. ஆனா எழுதாட்டி நித்திரை வராது.

பயிற்சி முடிஞ்சு வெளியில வர, மெல்ரோய் கேற்றடியில ஹெல்மெற்றைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டான்.

"அக்கா, ஃபாதரிட்டச் சொல்லி அந்த ஹார்மோனியத்தை நிப்பாட்டுங்கோ."

"ஏன்?"

"அதில பட்டன் இல்லை."

"என்ன பட்டன்?"

ஹெல்மெற்றோடு கதைப்பவன்போல அதையே பார்த்தான். பிறகு ஒரே மூச்சில் கொட்டினான். "கீபோர்ட் பழுதில்லை அக்கா. உங்கட சரணம் வரேக்க நான் ஒரு பட்டனை அமத்துறனான். என்ர விரல் பழைய கட்டையிலதான் போகும், சத்தம் மட்டும் கீழ வரும். நாலு படி."

"எப்ப இருந்து?"

"ஒரு வருசம் உங்களுக்குத் தடிமன். அப்ப ஒண்டு இறக்கினனான். பிறகு ஏத்துறதுக்குச் சந்தர்ப்பம் வரேல்லை. பிறகு இன்னொண்டு. கொரோனாவுக்குப் பிறகு ரெண்டு ஒரேயடியா."

"கொயரில ஆருக்குத் தெரியும்?"

"டிலக்ஷிக்குத் தெரியாதெண்டு நினைக்கிறன்."

பேனா. ஐயோ, அந்தப் பேனா.

ஆறுதல் சொல்ல நினைத்துத்தான் அடுத்ததையும் சொன்னான். "கவலைப்படாதேங்கோ அக்கா. ஹோட்டல்ல குடிச்சிட்டு வந்து பாடுற வெள்ளைக்காரருக்கும் நான் இதைத்தான் செய்யிறனான். ஆக்களை வெக்கப்படுத்தக்கூடாது."

யூலை 3, வியாழன்

மிரேலா விழுந்தது மூன்று. நான் விழுந்தது நாலு.

யூலை 5, சனி

மத்தியானம் மெல்ரோயைக் கோயிலுக்கு வரச் சொன்னேன். கொயர் ஆட்கள் யாரும் இல்லாத நேரம். "பூச்சியத்தில வையும்" என்றேன்.

"வேண்டாம் அக்கா."

"வையும்."

தொடங்கும்போது பரவாயில்லை. இரண்டாவது வரியிலேயே கழுத்தை நீட்டவேண்டி வந்தது. 'வானமே' என்று ஏறினேன். துருப்பிடித்த கேற்றைத் திறந்த சத்தம். பீடத்தில் பூச்சாடி துடைத்துக்கொண்டிருந்தவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார், யாரோ வருகிறார்கள் என்று.

மெல்ரோய் வேண்டுமென்றே வயர் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் வாங்கில் இருந்து அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது, மூக்கு வழிய அழுதேன்.

பயமாக இருக்கிறது. நான் மேலே நின்று பாடுகிறேன் என்று நினைத்திருந்த இத்தனை வருடமும் ஒரு பையன் பட்டனை அழுத்தி என்னைக் கீழே பிடித்து வைத்திருந்திருக்கிறான். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இனி அந்தச் சரணத்தைப் பாட நான் யார்?

யூலை 12, சனி

பயிற்சிக்குப் போகவில்லை. தொண்டை நோ என்று செய்தி அனுப்பினேன். ஏழு பேர் இஞ்சி போடச் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறார்கள். டிலக்ஷி ஒரு இதயமும் சேர்த்து. அவர்களுடைய அன்பைத் தாங்க முடியவில்லை.

யூலை 13, ஞாயிறு

குழுவைத் திறக்கும்போதெல்லாம் உச்சியில் என் பிரசங்கம். 'மரியாதை தெரிந்தவர்கள் தாங்களாகவே இறங்கிவிடுவார்கள்.' எங்கள் கொள்கை. யார் எழுதியது இந்தத் தத்துவத்தை? ஆளைக் கண்டால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

சுகிர்தன் வாக்கெடுப்பு ஒன்றும் வைத்திருக்கிறான். ஐந்து அல்பத்தில் எது சிறந்தது? எல்லோரும் என் வாக்குக்காகக் காத்திருக்கிறார்களாம். எல்லோரும் என்றால் நாலு பேர்.

யூலை 16, புதன்

இன்றும் தொண்டை நோ. நிக்கலஸ் கொத்தமல்லி அவித்துத் தந்தார். "நீர் பாடேல்லையெண்டா வீடு வெறிச்செண்டு கிடக்கு" என்றார். பாட்டு எது, பாட்டு முடிந்தது எது என்று தெரியாத மனிசனுக்கு இது எப்படித் தெரிந்தது?

யூலை 21, திங்கள்

கந்தோரில் மின்சாரம் இல்லை. சன்னலைத் திறந்துவிட்டு நானும் பஸ்மியாவும் துறைமுகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தோம். ஏன் என்று தெரியாது, அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டன், நாலு படி, வெள்ளைக்காரன், எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்தான், நானும் சேர்ந்து சிரிக்கும்வரை.

பிறகு ஒரு இயர்போனை என் காதில் செருகினாள். ஐந்தாவது அல்பம்.

"முதலாவதில இந்தப் புள்ள எவ்வளவு மேல போகலாமெண்டு காட்டுது ஜெனிதாக்கா. இதில என்னவோ சொல்லுது. பாசை விளங்கல்ல. ஆனா எனக்குத்தான் சொல்லுது."

இந்த முறை நான் குறை தேடவில்லை. தேடும் யோக்கியதை போய்விட்டது. கேட்டேன். அந்தப் புகழ்பெற்ற பாட்டில், முன்பு ஒரே மூச்சில் ஏறிய இடத்தில், இப்போது நின்று மூச்செடுக்கிறாள். ஒளிக்காமல் எடுக்கிறாள். பிறகு அந்தச் சொல்லைக் கீழே இருந்து மெல்லத் தூக்கி வைக்கிறாள். எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தேன் நான், கேட்கவே இல்லை.

அவள் இறக்கியது அவளுக்குத் தெரியும். தெரிந்து, நல்லதாக இறக்கியிருக்கிறாள். என்னுடையதை மெல்ரோய் இறக்கினான். எனக்கு வலிப்பது அந்த நாலு படி அல்ல, என்னிடம் கேட்காமல் போனதுதான். ஆனால் கேட்டிருந்தால் அவனைக் கொன்றிருப்பேன், அதுவும் உண்மை.

யூலை 26, சனி

பயிற்சிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஆளுக்காள் தொண்டை எப்படி என்று விசாரித்தார்கள்.

"தொண்டைக்கு ஒண்டும் இல்லை. நாலு படி கீழ எண்டு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுதான் வரேல்லை" என்றேன்.

அப்படி ஒரு அமைதியை அந்தக் கோயில் பெரிய வெள்ளிக்கிழமையில்கூடக் கண்டிருக்காது. டிலக்ஷியின் பேனா மறுபடியும் விழுந்தது. "எடுக்காதேயும் பிள்ளை, கிடக்கட்டும்" என்றேன். முதலில் அவள் சிரித்தாள், பிறகு எல்லோரும். நானும்தான். சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் எரிந்தது.

கீபோர்ட்டடிக்குப் போய் மெல்ரோயிடம் சொன்னேன். "ஏழு படி கீழ வையும்."

"ஏழோ? நாலு காணும் அக்கா. நாலில உங்களுக்கு வரும்."

"வரும். கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். எனக்குக் கழுத்து நீட்டாமப் பாட வேணும்."

ஏழில் அது வேறு பாட்டாக இருந்தது. 'வானமே' என்ற சொல்லை இருபத்திரண்டு வருடத்தில் இன்றுதான் முழுதாக உச்சரித்தேன். இதுவரை 'ஆ' என்று மட்டும்தான் வந்திருக்க வேண்டும்.

போகும் வழியில் ஃபாதரிடம் கீபோர்ட் சுகமாகிவிட்டது என்று சொன்னேன். "அது பழுதெண்டு நீங்கள் மட்டும்தானே சொன்னீங்கள்" என்றார். அவருக்கும் தெரியும்!

ஆகஸ்ட் 6, புதன்

கொடியேறிவிட்டது. பயம் திரும்ப வந்துவிட்டது. வேண்டாம், டிலக்ஷி பாடட்டும் என்று சொல்ல மூன்று தரம் போனைக் கையில் எடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பாடினேன்.

யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். சனம் இருமவில்லை, விசிறவும் இல்லை. பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சரி, முடிந்தது கதை என்று நினைத்தபடி மூச்செடுத்து, ஒளிக்காமல் எடுத்து, அந்தச் சொல்லை வைத்தேன். மூன்றாவது வாங்கைப் பார்த்தேன். நிக்கலஸ் என் வாயைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். நித்திரை கொண்டுவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது.

வாசலில் ஒரு அன்ரி கையைப் பிடித்து, "இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கிப்போச்சு பிள்ளை" என்றார்.

"ஓம் அன்ரி, நான்தான் இறக்கினனான்."

அதைச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது!

வீட்டுக்கு வந்து சாரியை மாற்றிக்கொண்டு நிக்கலஸிடம் கேட்டேன். "பாட்டு நேரத்தில நித்திரையோ?"

"நித்திரையோ? நான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"கண்ணை மூடிக்கொண்டோ? எப்பவும் என்ர வாயைப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பியள்."

கதிரையில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "அது... நீர் மேல போனா எனக்கு ஒண்டும் கேக்காது. எஞ்சின் திண்ட காது. மேல் சத்தம் எல்லாம் போய் எத்தினையோ வருசம். வாய் மூடுதோ எண்டு பாத்துத்தான் பாட்டு முடிஞ்சுது எண்டு அறியிறனான். சொன்னா நீர் கவலைப்படுவீர்." பிறகு சொன்னார், "இண்டைக்குப் பாக்கத் தேவைப்படேல்லை. கேட்டது."

இருபத்திரண்டு வருடம். ஊரே கேட்டதை, யாரைப் பார்த்துப் பாடினேனோ அந்த மனிசன் மட்டும் கேட்கவில்லை. அதை எனக்குச் சொல்லவும் இல்லை. எனக்குத்தான் எல்லோரும் எதையும் சொல்லாமல் இருக்கிறார்களே. நான் அவ்வளவு பயங்கரமான ஆளோ?

ஓம். அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாக்கெடுப்பில் ஐந்தாவது அல்பத்துக்கு வாக்குப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் சுகிர்தன்: "அக்கா, உங்கட போன் வேற ஆற்றையும் கையில இருக்கோ?" உச்சியில் இருக்கும் என் பிரசங்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். கொள்கையை அப்படி மாற்ற ஏலாதாம். கிடக்கட்டும், பார்த்து வெட்கப்பட ஒன்று இருந்தால் நல்லதுதான். வாய் திறக்காத அந்த ஆறாவது ஆளும் ஐந்தாவதுக்கே போட்டிருக்கிறார்.

மத்தியானம் நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பின்வளவில் நிக்கலஸ் யாருடையதோ எஞ்சினை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தம் நின்றது. எண்ணெய்க் கையோடு வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சரும், அந்தக் கடைசிச் சரணத்தை இன்னொருக்காப் படியுமன்."

அகப்பையோடு நின்று முழுவதும் பாடினேன். மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது, அதைத்தான் சாப்பிட்டோம்.